கார் ஏ.சி. ஏன் நின்றது? ஒரு "டக்" சத்தத்தின் வரலாறு



இது கொஞ்சம் நீளமான பதிவு. காபி டம்ளரோடு உட்கார்ந்து வாசியுங்கள். கார் வைத்திருப்பவர்களுக்குப் பணம் மிச்சமாகலாம். கார் இல்லாதவர்களுக்கு ஒரு நல்ல வரலாறு கிடைக்கும்.

சென்ற கோடையில் என் மனைவிக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. மருத்துவமனை எங்கள் ஊரிலிருந்து 70 கிலோமீட்டர். வாரம் ஒரு முறை காட்ட வேண்டும். "கண்ணில் தூசி படக் கூடாது, கார் கண்ணாடியைத் திறக்காதீர்கள்" என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். போகும்போது, காலை ஏழு மணிக்கு, ஏ.சி. ஜில்லென்று வேலை செய்யும். திரும்பும்போது, கத்திரி வெயிலில், அரை மணி நேரத்தில் வெந்நீர் ஆவி மாதிரி காற்று வரும். கண்ணாடியைத் திறந்தால் தூசி, மூடினால் புழுக்கம். கட்டுப் போட்ட கண்ணோடு அவள் முந்தானையால் விசிறிக்கொண்டு வந்ததைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை.

ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். முதல் தடவை "கேஸ் குறைவு" என்று கேஸ் ஏற்றினார்கள். நான்கு நாளில் பழையபடி. இரண்டாவது தடவை ரிலே மாற்றினார்கள். ஒரு வாரத்தில் பழையபடி. மூன்றாவது தடவை, "கரண்டு சரியா வருது சார், 12 வோல்ட் காட்டுது, அப்ப கம்ப்ரஸர்தான் போச்சு, மாத்தணும்" என்று 32,000 ரூபாய்க்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அது என் ஒரு மாத ஓய்வூதியத்தை நெருங்கும் தொகை.

நான் பணம் கட்டவில்லை, யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்து வந்துவிட்டேன். அந்த வாரம் முழுக்க இந்தக் கார் ஏ.சி. எப்படி உருவானது, அதற்குள் மின்சாரம் எப்படி வந்தது என்று தேடித் தேடி வாசித்தேன். வாசித்ததை முதலில் சொல்கிறேன். என் வண்டிக்கு என்ன ஆனது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

காருக்குள் குளிர்ச்சி என்பது அமெரிக்காவில் தொடங்கிய கதை. பேக்கார்டு என்று ஒரு கார் நிறுவனம் இருந்தது. 1939 நவம்பரில் சிகாகோ நகரில் நடந்த மோட்டார் கண்காட்சியில், தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்ட ஏ.சி. கொண்ட காரை அவர்கள் காட்டினார்கள். கூடுதல் விலை 274 டாலர். குளிர்விக்கும் பகுதி முழுவதும் டிக்கியில் உட்கார்ந்திருக்கும். குளிர்ந்த காற்று பின்சீட்டுக்காரர்களின் பிடரிக்குப் பின்னாலிருந்து வரும்.

அந்த வண்டியில் ஒரு வேடிக்கை. ஏ.சி.யை அணைக்க சுவிட்ச் கிடையாது! காற்றைத் தள்ளும் ஃபேனுக்கு மட்டும்தான் சுவிட்ச். குளிர்ச்சியை உண்டாக்கும் கம்ப்ரஸர் ஒரு பெல்ட் மூலம் எஞ்சினோடு நேராகக் கட்டப்பட்டிருந்தது. எஞ்சின் சுற்றினால் அதுவும் சுற்றும். அதை நிறுத்த வேண்டுமென்றால் வண்டியை ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்து, பானட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றி எடுக்க வேண்டும். 1941ஆம் ஆண்டுக்குப் பிறகு பேக்கார்டு அதைக் கைவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த வண்டியின் ஃபேனில் மின்கோளாறு வரலாம். கம்ப்ரஸரில் மின்கோளாறு என்பதே வராது. ஏனென்றால் அதற்கு மின்சாரமே போகவில்லை. கோளாறு என்றால் பெல்ட் அறுந்திருக்கும், குழாய் ஒழுகும், பேரிங் தேயும். எல்லாம் கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்கும்.

இரண்டாம் உலகப்போர் முடிந்து சில ஆண்டுகளில் ஏ.சி. மீண்டும் கார்களுக்கு வந்தது. 1953இல் கிரைஸ்லரும் ஜெனரல் மோட்டார்ஸும் தங்கள் விலை உயர்ந்த கார்களில் கொடுத்தார்கள். 1954இல் நாஷ் என்ற நிறுவனம் பெரிய மாற்றம் செய்தது. அது குளிர்சாதனப் பெட்டி செய்யும் கெல்வினேட்டருடன் இணைந்த நிறுவனம். டிக்கியில் இருந்த சாமான்களை எல்லாம் முன்னால் கொண்டுவந்து, பானட்டுக்கு அடியிலும் டாஷ்போர்டுக்குப் பின்னாலுமாக அடக்கினார்கள். சூடு காட்டும் கருவியும் குளிர் காட்டும் கருவியும் ஒன்றாயின. கூடுதல் விலை 345 டாலர். இன்று நம் கார்களில் இருக்கும் அமைப்பு ஏறத்தாழ அதுதான்.

அந்தப் பத்தாண்டில்தான் இன்னொரு பொருளும் கார் ஏ.சி.யில் வழக்கமானது. அதன் பெயர் மின்காந்த க்ளட்ச். பேக்கார்டில் பெல்ட்டைக் கழற்ற வேண்டியிருந்த தொல்லைக்கு அது முடிவு கட்டியது.

அது எப்படி வேலை செய்கிறது? கம்ப்ரஸரின் முன்னால் ஒரு சக்கரம் பெல்ட்டோடு எப்போதும் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். அதன் முன்னால், ஒரு மெல்லிய தாள் நுழையும் அளவு இடைவெளி விட்டு, ஓர் இரும்புத் தட்டு. சக்கரத்துக்கு உள்ளே செம்புக் கம்பி சுற்றிய ஒரு காயில். நாம் ஏ.சி. சுவிட்சைப் போட்டதும் காயிலில் மின்னோட்டம் பாய்கிறது, காயில் காந்தமாகிறது, இரும்புத் தட்டைச் சக்கரத்தோடு இழுத்து ஒட்டவைக்கிறது. "டக்" என்று ஒரு சத்தம். அந்த நொடியிலிருந்து கம்ப்ரஸர் எஞ்சினோடு சேர்ந்து சுற்றுகிறது. மின்னோட்டம் நின்றால் தட்டு விலகிவிடும், கம்ப்ரஸர் ஓய்வெடுக்கும்.

இந்த "டக்" சத்தத்தின் வேர் 1820க்குப் போகிறது. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆயர்ஸ்டெட் என்ற பேராசிரியர் மாணவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். மின்சாரம் பாயும் கம்பிக்கு அருகே இருந்த திசைகாட்டி ஊசி அசைந்தது. மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் உறவு உண்டு என்பது ஒரு வகுப்பறையில் தெரியவந்தது!

1825இல் இங்கிலாந்தின் வில்லியம் ஸ்டர்ஜன், குதிரை லாடம் போல வளைத்த இரும்பில் கம்பியைச் சுற்றி மின்காந்தம் செய்து காட்டினார். சுமார் 200 கிராம் எடையுள்ள அந்த இரும்பு 4 கிலோ எடையைத் தூக்கியது. ஸ்டர்ஜன் சிறுவயதில் செருப்புத் தைக்கும் தொழில் பழகியவர், பிறகு ராணுவ வீரர். இந்தியாவுக்கு அனுப்புவதற்காக இளைஞர்களைத் தயார் செய்த கிழக்கிந்திய கம்பெனியின் அடிஸ்கோம்ப் ராணுவப் பள்ளியில் அறிவியல் போதித்தவர்.

அதே காலத்தில் அமெரிக்காவின் ஆல்பனி நகரில், அகாடமி என்ற பள்ளியில் ஆசிரியராக இருந்த ஜோசப் ஹென்றி இன்னும் பலமான மின்காந்தங்களைச் செய்தார். கம்பி மேல் உறை சுற்றி, பல அடுக்காகச் சுற்றினார். சிறிய மின்னோட்டத்தைக் கொண்டு தொலைவில் உள்ள பெரிய மின்னோட்டத்தை இயக்கலாம் என்பதையும் 1830களில் அவர் செய்து காட்டினார். அதுதான் ரிலே. முதலில் தந்தி இயந்திரங்களுக்குப் பயன்பட்ட அந்த உத்தி, இன்று உங்கள் காரின் ஃபியூஸ் பெட்டியில் தீப்பெட்டியை விடச் சிறிய கறுப்புக் கட்டையாக உட்கார்ந்திருக்கிறது. டாஷ்போர்டு சுவிட்சில் மெல்லிய கரண்டு போனால் போதும், க்ளட்ச்சுக்குப் போகும் 3, 4 ஆம்பியர் கரண்டை ரிலே திறந்துவிடும்.

சரி, சுவிட்ச் வந்தது, க்ளட்ச் வந்தது, ரிலே வந்தது. பிறகு காவல்காரர்கள் வந்தார்கள்.

கம்ப்ரஸருக்கு உயிர் எண்ணெய். அந்த எண்ணெய் குழாய்களுக்குள் கேஸோடு சேர்ந்துதான் சுற்றி வரும். கேஸ் ஒழுகிவிட்டால் எண்ணெயும் சரியாகத் திரும்பி வராது. கம்ப்ரஸர் வறண்டு சுற்றி இறுகிப் போகும். அதனால் 1970களில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். கேஸ் குறைந்து கம்ப்ரஸர் சூடானால் ஒரு சுவிட்ச் மூடிக்கொள்ளும், அதனால் ஒரு சிறிய ஃபியூஸ் சூடேறி உருகும், க்ளட்ச்சுக்குக் கரண்டு நின்றுவிடும். உருகிய ஃபியூஸை மட்டும் மாற்றி, ஒழுக்கைத் தேடாமல் விட்டால் அது மறுபடி உருகத்தான் செய்யும். பிற்பாடு அந்த வேலையை பிரஷர் சுவிட்ச் ஏற்றுக்கொண்டது. கேஸ் அழுத்தம் மிகக் குறைந்தாலும் க்ளட்ச்சை நிறுத்தும், மிக அதிகமானாலும் நிறுத்தும். கூலிங் காயிலில் பனி கட்டினால் நிறுத்த இன்னொரு காவல்.

1980களில் எஞ்சினுக்கு கம்ப்யூட்டர் வந்தது. மேட்டில் ஏறும்போது எஞ்சினுக்கு முழு பலம் வேண்டுமா, கொஞ்ச நேரம் ஏ.சி.யை நிறுத்து என்று அது முடிவெடுத்தது. 1986இல் பாஷ் நிறுவனம் காரின் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு பொதுக் கம்பி முறையை அறிமுகப்படுத்தியது. இன்றைய கார்களில் நாம் அழுத்தும் ஏ.சி. பட்டன் க்ளட்ச்சுக்கு நேராகக் கரண்டு அனுப்புவதில்லை. "ஐயா, குளிர் வேண்டும்" என்று கம்ப்யூட்டருக்கு ஒரு விண்ணப்பம்தான் அனுப்புகிறது. கொடுப்பதா வேண்டாமா என்பது அவர் இஷ்டம்! நம் அரசு அலுவலகங்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கையெழுத்துக் குறைந்தாலும் கோப்பு நகராது.

நம் தலைமுறைக்குத் தெரிந்த அம்பாசிடரில் டாஷ்போர்டுக்குக் கீழே வெளியில் வாங்கி மாட்டிய ஏ.சி. என்றால், ஒரு சுவிட்ச், ஒரு ஃபியூஸ், சில ஒயர் என்று ஒரே பார்வையில் அடங்கிவிடும். இன்று என் சிறிய காரில்கூட "டக்" சத்தம் கேட்க பட்டன், கம்ப்யூட்டர், பிரஷர் சென்சார், ரிலே, ஃபியூஸ், ஒயர், காயில், எர்த் என்று எட்டு இடங்கள் சம்மதிக்க வேண்டும். கோயில் திருவிழா சீரியல் செட் மாதிரி. ஒன்று போனால் எல்லாம் அணையும். எது போனது என்று பார்த்தவுடன் தெரியாது.

ஆக, ஒவ்வொரு கண்டுபிடிப்பும் ஏ.சி.யைப் பாதுகாப்பாக்கியது. கூடவே கோளாறு ஒளிந்துகொள்ள ஓர் அறையையும் கட்டிக் கொடுத்தது. அப்படியானால் தேடுகிற முறையும் வளர்ந்திருக்க வேண்டும் இல்லையா? வளர்ந்தது. அந்த முறையைத் தந்தவர் நம் ஜாதி. ஆசிரியர் ஜாதியைச் சொல்கிறேன்!

ஜார்ஜ் சைமன் ஓம். ஜெர்மனியில் ஒரு பூட்டுத் தொழிலாளியின் மகன். அப்பா பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர், தானே கணிதம் கற்றுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர். ஓம் 1817இல் கொலோன் நகரின் ஒரு பள்ளியில் கணித, இயற்பியல் ஆசிரியரானார். அந்தப் பள்ளியில் நல்ல ஆய்வகம் இருந்தது. பாடம் நடத்திய நேரம் போக மீதி நேரத்தில் கம்பிகளை வைத்துச் சோதனை செய்தார்.

அவருக்கு வோல்ட்மீட்டர் கிடையாது, ஆம்மீட்டர் கிடையாது. அன்றைய மின்கலங்கள் நிலையாக இருக்காது, ஏறி இறங்கும். அதனால் செம்பும் பிஸ்மத்தும் சேர்த்த இணைப்பின் ஒரு முனையைக் கொதிநீரிலும் மறு முனையைப் பனிக்கட்டியிலும் வைத்து நிலையான மின்சாரம் எடுத்தார். ஒரு காந்த ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்து மின்னோட்டத்தை அளந்தார். கம்பியை நீட்டி, குறுக்கி, மாற்றி மாற்றிப் பார்த்து 1827இல் புத்தகமாக வெளியிட்டார். அவர் நாட்டிலேயே அதற்கு முதலில் நல்ல வரவேற்பு இல்லை. 1841இல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளே பதக்கம் கொடுத்த பிறகுதான் பெருமை வந்தது. 1854இல் இறந்தார். 1881இல் பாரிஸில் கூடிய மின்னியல் மாநாடு மின்தடையின் அலகுக்கு அவர் பெயரை வைத்தது.

ஓம் சொன்னதை ஒரு மெக்கானிக்குக்குச் சொல்வது போலச் சொன்னால் இப்படி: மின்னோட்டம் பாயும் பாதையில் எங்கெங்கே தடை இருக்கிறதோ, அங்கங்கே மின்னழுத்தம் செலவாகும். எவ்வளவு தடையோ அவ்வளவு செலவு. மின்னோட்டமே பாயாவிட்டால் செலவும் இல்லை. இந்தக் கடைசி வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என் 32,000 ரூபாய் அதில்தான் இருக்கிறது.

ஓமின் விதியைப் பட்டறைக்குக் கொண்டுவந்த கருவிக்கும் ஒரு கதை உண்டு. பிரிட்டிஷ் அஞ்சல் துறையில் தொலைபேசிக் கம்பிகளைப் பராமரித்த பொறியாளர் டொனால்ட் மெக்காடி. ஆம்பியருக்கு ஒரு கருவி, வோல்ட்டுக்கு ஒன்று, ஓமுக்கு ஒன்று என்று சுமந்து சுமந்து அலுத்துப் போனார். மூன்றையும் ஒரே பெட்டியில் அடக்க அவர் வடிவமைத்த கருவி 1923இல் விற்பனைக்கு வந்தது. ஆம்பியர், வோல்ட், ஓம் மூன்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து "ஏவோ மீட்டர்" என்று பெயர். இன்று சில நூறு ரூபாய்க்கு நாம் வாங்கும் மல்டிமீட்டர் அதன் பேரப்பிள்ளை.

இனி என் வண்டிக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் பட்டறை. தகரக் கூரை, ஒரு மர பெஞ்சு. அவருக்கு ஐம்பது வயதிருக்கும். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். கதை முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "சார், நல்லா வேலை செய்யறப்ப கொண்டு வராதீங்க. மத்தியானம் ரெண்டு மணிக்கு, ஏ.சி. நின்னதும் வண்டிய ஆஃப் பண்ணாம அப்படியே கொண்டாங்க" என்றார். நோய் இருக்கும்போதுதானே நாடி பார்க்க வேண்டும்! பெரிய ஒர்க்‌ஷாப்பில் காலை பத்து மணிக்கு விட்டு மாலை ஆறு மணிக்கு எடுத்தபோது இதை யாரும் கேட்கவில்லை.

மறுநாள் அப்படியே கொண்டு போனேன். பானட்டைத் திறந்தார். பெல்ட் சுற்றுகிறது, க்ளட்ச் தட்டு நிற்கிறது. அவரிடம் ஒரு பழைய இன்டிகேட்டர் பல்பு, 21 வாட், இரண்டு ஒயர் பற்றவைத்தது. க்ளட்ச் ஒயரின் கனெக்டரைக் கழற்றி, காயில் இருந்த இடத்தில் இந்தப் பல்பைக் கொடுத்தார். மங்கலாக, அகல் விளக்கு மாதிரி எரிந்தது. பிறகு எர்த் பக்கத்து ஒயரை மட்டும் எடுத்துப் பேட்டரியின் எதிர்முனையில் வைத்தார். பளிச்சென்று எரிந்தது.

"எர்த்துதான் சார் கெட்டுப் போச்சு. கம்ப்ரஸருக்கு ஒண்ணுமில்ல" என்றார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

எனக்கு நம்பிக்கை வர வேண்டுமே! வாங்கி வைத்திருந்த மல்டிமீட்டரை எடுத்தேன். கனெக்டரை மறுபடி மாட்டச் சொல்லி, கரண்டு ஓடும்போதே அளந்தோம். பேட்டரியில் 13.8 வோல்ட். காயிலுக்குக் கிடைத்தது 8 வோல்ட். காயிலின் எர்த் முனைக்கும் பேட்டரி எதிர்முனைக்கும் நடுவே 5.5 வோல்ட்! அங்கே 0.2 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. மீதி 0.3 வோல்ட் நேர்முனைப் பக்கத்து ஒயரிலும் ரிலேயிலும். கூட்டிப் பாருங்கள், கணக்கு சரியாக வரும். ஓம் கொலோனில் எழுதி வைத்த கணக்கு எங்கள் பஸ் நிலையத்துக்குப் பின்னாலும் பிசகவில்லை.

அப்படியானால் ஒர்க்‌ஷாப்பில் எப்படி முழுசாக 12 வோல்ட் காட்டியது? அவர்கள் பொய் சொல்லவில்லை. கனெக்டரைக் கழற்றி வைத்து, வெறும் ஒயரில் மீட்டரை வைத்திருக்கிறார்கள். டிஜிட்டல் மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் இல்லை என்றே சொல்லிவிடலாம். மின்னோட்டமே பாயாவிட்டால் தடையில் செலவும் இல்லை என்று மேலே சொன்னேனே, அதுதான். துருப்பிடித்த எர்த்திலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். தண்ணீர்க் குழாயில் அடைப்பு இருந்தாலும், குழாயை மூடி வைத்திருக்கும்போது அழுத்தம் முழுசாகத்தான் இருக்கும். திறந்தால்தான் சொட்டுகிறதா கொட்டுகிறதா என்று தெரியும்.

காலையில் வேலை செய்து மதியம் நிற்பது ஏன்? செம்புக் கம்பி சூடானால் அதன் மின்தடை ஏறும். 60 டிகிரி கூடினால் ஏறத்தாழ கால் பங்கு கூடும். 4 ஓம் காயில் 5 ஓம் ஆகிவிடும். நல்ல எர்த் இருந்தால் அந்த இழப்பை வண்டி தாங்கும். என் வண்டியில் எர்த் ஏற்கெனவே பெரும்பங்கைத் தின்றுவிட்டது. காந்த இழுவை மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. மின்னோட்டம் 3.4 ஆம்பியரிலிருந்து 2 ஆம்பியருக்கு இறங்கினால் இழுவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். காலைக் குளிரில் எப்படியோ இழுத்துப் பிடித்த தட்டை மதிய வெப்பத்தில் பிடிக்க முடியவில்லை.

பேட்டரித் தட்டுக்குக் கீழே எர்த் ஒயரை உடம்போடு முறுக்கிய போல்ட்டைக் கழற்றினார். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, புது முனை போட்டு, முறுக்கி, மேலே கிரீஸ் தடவினார். "டக்". அந்தச் சத்தம் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 300 ரூபாய் வாங்கிக்கொண்டார். அந்தக் கோடை முழுக்க ஏ.சி. நிற்கவில்லை. என் மனைவியின் கண்ணும் நன்றாகிவிட்டது.

உங்கள் வண்டியில் ஏ.சி. நின்றால் எந்த வரிசையில் பார்ப்பது என்று அவரிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். பயன்படும் என்பதால் தருகிறேன்.

1. ஃபேன் காற்று வருகிறதா? அதிக வேகத்தில் மட்டும் வந்து, மற்ற வேகங்களில் வராவிட்டால் பெரும்பாலும் ஃபேனின் மின்தடைத் துண்டு எரிந்திருக்கும். முழு வேகத்தில் மட்டும் கரண்டு அதன் வழியாகப் போகாது.

2. காற்று வருகிறது, குளிர் இல்லை. க்ளட்ச் தட்டு சுற்றுகிறதா என்று தள்ளி நின்று பாருங்கள். சுற்றியும் குளிர் இல்லையென்றால் கோளாறு பெரும்பாலும் கேஸ் பக்கம். சுற்றவில்லை என்றால் மின்சாரப் பக்கமாக இருக்கலாம், கேஸ் குறைந்து பிரஷர் சுவிட்ச் நிறுத்தியும் இருக்கலாம்.

3. அதனால் கேஸ் அழுத்தத்தை மீட்டர் வைத்துப் பார்க்காமல் கேஸ் ஏற்ற விடாதீர்கள். உண்மையிலேயே குறைவு என்றால் எங்கே ஒழுகுகிறது என்று கேளுங்கள்.

4. ஃபியூஸ், அடுத்து ரிலே. அதே மாதிரி இன்னொரு ரிலே பெட்டியில் இருந்தால் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். ரிலே சத்தம் கொடுப்பதால் மட்டும் நல்லது என்று அர்த்தமில்லை. உள்ளே முனை கருகியிருக்கலாம்.

5. காயிலுக்கு வரும் வோல்ட்டை கனெக்டர் மாட்டியபடி, கரண்டு ஓடும்போது அளக்கச் சொல்லுங்கள். நேர்முனைப் பக்கம் ஒரு முறை, எர்த் பக்கம் ஒரு முறை.

6. அதற்குப் பிறகுதான் காயிலின் ஓம். பொதுவாக 3 முதல் 5 வரை இருக்கும். எல்லையில்லாத தடை காட்டினால் காயில் அறுந்துவிட்டது.

7. ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றால் குளிர் போகிறதா? முன்னால் கண்டன்சர் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். அது நின்றால் அழுத்தம் ஏறி, பிரஷர் சுவிட்ச் க்ளட்ச்சை நிறுத்திவிடும்.

சில எச்சரிக்கைகள். எஞ்சின் ஓடும்போது பெல்ட் பக்கம் கை, துண்டு, சேலைத் தலைப்பு போகக் கூடாது. கேஸ் குழாயை நீங்களாகத் திறக்காதீர்கள். பல்பு வைத்துப் பார்ப்பது க்ளட்ச் போன்ற தடித்த ஒயருக்குத்தான். கம்ப்யூட்டருக்குப் போகும் மெல்லிய ஒயரில் வைத்தால் கம்ப்யூட்டர் கெட்டுவிடும். புதுக் கார்கள் சிலவற்றில் இந்த க்ளட்ச்சே கிடையாது, கம்ப்ரஸர் எப்போதும் சுற்றும். ஒரு சிறு வால்வை வைத்துக் கம்ப்யூட்டர் குளிர்ச்சியைக் கூட்டிக் குறைக்கும். அங்கே "டக்" சத்தத்தை எதிர்பார்க்காதீர்கள். 2003இல் டொயோட்டாவின் இரண்டாம் தலைமுறை ப்ரியஸ் காரில் கம்ப்ரஸரே மின்மோட்டாரில் ஓடத் தொடங்கியது. இன்றைய மின்சாரக் கார்களும் அப்படியே. அங்கே ஆரஞ்சு நிற ஒயரில் சில நூறு வோல்ட் ஓடும். அதை யாரும் தொட வேண்டாம், பயிற்சி பெற்றவர் மட்டுமே தொடலாம்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன்.

நான் ஆசிரியர் பயிற்சி முடித்து நடுநிலைப் பள்ளியில் 30 ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன். ஒவ்வொரு ஆண்டும் மின்கலம், சாவி, பல்பு வைத்து மின்சுற்றுப் பாடம் நடத்தியிருக்கிறேன். மூடிய சுற்றில் பல்பு எரியும், திறந்த சுற்றில் எரியாது. கரும்பலகையில் படம், நோட்டில் படம், பரீட்சையில் ஐந்து மதிப்பெண்.

ஒரு வருடம் ஒரு பையன் எழுந்து, "சார், எங்க பல்பு மங்கலா எரியுது" என்றான். நான் போய்ப் பார்க்கவில்லை. "செல் தீர்ந்திருக்கும், நாளைக்குப் புதுசு வாங்கிட்டு வா" என்றேன். மறுநாள் அவன் வீட்டில் காசு வாங்கிப் புதுச் செல்லோடு வந்தான். அப்போதும் மங்கலாகத்தான் எரிந்தது. "உனக்கு மாட்டத் தெரியல, உட்காரு" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். அந்தப் பள்ளியின் சோதனைப் பெட்டியில் இருந்த கிளிப்புகள் எல்லாம் துருப்பிடித்தவை என்று எனக்குத் தெரியும். இரண்டுக்கும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றவில்லை.

ஒர்க்‌ஷாப்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது உண்மைதான். மங்கலாக எரிந்த அந்தப் பல்பைப் பட்டறையில் பார்த்தபோது அந்தக் கோபம் இறங்கிவிட்டது. பாதையைத் தேடாமல் பொருளை மாற்றச் சொன்னவர்களில் நானும் ஒருவன். அந்தப் பையனின் வீட்டுக்கு அந்தச் செல் விலை, எனக்கு இந்த 32,000 மாதிரி இருந்திருக்கும்.

இப்போது பணியில் இருக்கும் ஆசிரியத் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். மின்சுற்றுப் பாடம் வரும்போது வேண்டுமென்றே துருப்பிடித்த ஒரு கிளிப்பை மாட்டிக் கொடுங்கள். பல்பு ஏன் மங்குகிறது என்று பிள்ளைகளே தேடட்டும். ஒரு வகுப்பு நேரம் போனாலும் போகட்டும். முடிந்தால் உங்கள் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியனை ஒரு நாள் வகுப்புக்கு அழையுங்கள்.

உங்கள் வண்டியில் இப்படி ஏதாவது நடந்திருந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள். எங்கே கோளாறு ஒளிந்திருந்தது என்பதையும் எழுதுங்கள், மற்றவர்களுக்கு உதவும். ஒர்க்‌ஷாப் பெயர்கள் வேண்டாம்.